இரண்டு மணி நேரம் பின்னால்

பிப்ரவரி 9, 2019, சனி

கீழ்வீட்டில் அழுகைச் சத்தம். உய்குர் பாடகர் அப்துரெஹிம் ஹெயித் சீனச் சிறையில் இறந்துவிட்டார் என்று இங்கே துருக்கியின் வெளியுறவு அமைச்சகமே அறிக்கை விட்டிருக்கிறது. கீழ்வீட்டுக்காரரும் உய்குர், சீனாவின் மேற்குக் கோடி ஷின்ஜியாங்கின் முஸ்லிம் இனம். நான் இறங்கிப் போனபோது அச்சா (உய்குரில் அக்கா, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்) அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றிருந்தார். ஷின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியில் அவர் அம்மா லக்மன் நூடுல்ஸுக்கு மாவு இழுக்கும்போது ஹெயித் துதார் வாத்தியம் வாசிக்கும் கேசட்தான் ஓடுமாம். இரண்டே தந்தி. அடுப்பை நான் அணைத்தேன்.

பிப்ரவரி 10

உயிரோடு இருக்கிறார்! சீன அரசு வானொலி வீடியோ போட்டிருக்கிறது. அரை நிமிடம்கூட இல்லை. இன்று பிப்ரவரி 10 என்று தேதி சொல்கிறார். தன்மேல் விசாரணை நடக்கிறது, நலமாக இருக்கிறேன், யாரும் துன்புறுத்தவில்லை என்கிறார். அச்சா சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கையில் துதார் இல்லை.

பிப்ரவரி 11

அச்சா வீட்டுச் சுவர்க் கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இத்தனை மாதம் அது கெட்டுப்போன கடிகாரம் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 13

உலகெங்கும் உய்குர்கள் வீட்டுப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோ போடுகிறார்கள். ஹெயித்தைக் காட்ட முடிந்ததல்லவா, என் அப்பாவைக் காட்டு, என் அக்காவைக் காட்டு என்று. ஒரு பையனுக்கு எட்டு வயதுகூட இருக்காது. அச்சா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

தானும் வீடியோ போடவா என்று கேட்டார் அச்சா. என்னிடம் போய்க் கேட்கிறார். தம்பி 2015-இல் இங்கே வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பினான். இந்த ஜன்னல் ஓரத்தில்தான் படுத்திருந்தானாம். வெளிநாடு போனவர்களைச் சந்தேகிக்கச் சீன அதிகாரிகளிடம் 26 நாடுகளின் பட்டியல் இருக்கிறது, அதில் துருக்கியும் ஒன்று. 2017-இல் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ‘படிக்கப் போயிருக்கிறான்’ என்றார் அம்மா. தடுப்பு முகாமுக்கு அங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும். முப்பது தாண்டிய, ரொட்டி சுடுகிற ஆள் எங்கே படிக்கப் போவான்? அதற்கப்புறம் வீசாட் என்கிற சீனச் செயலியில் அம்மாவின் ஒரு குரல் பதிவு, 11 விநாடி. நாங்கள் நன்றாக இருக்கிறோம், இனி அழைக்காதே. மறுநாள் அம்மாவே மகளை நீக்கிவிட்டார்.

வீடியோ போட்டால் அவனைக் காட்டுவார்களா, அல்லது அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு போவார்களா? போடாமல் இருந்ததால் இந்த இரண்டு வருடத்தில் என்ன நல்லது நடந்தது? போடுங்கள் என்று சொல்ல நான் யார்? வேண்டாம் என்று சொல்லவும்தான் நான் யார்? என் அம்மாவிடம் இன்று மாலை முக்கால் மணி நேரம் பேசினேன், பாதி நேரம் புளி விலை. ஃபோனை வைத்த பிறகு கீழே போகக் கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 15

‘அக்கா’ என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். சிரித்துவிட்டார். உய்குரில் ‘அகா’ என்றால் அண்ணனாம். பல நாள் கழித்து அந்தச் சிரிப்பு.

பிப்ரவரி 20

கடிகார விஷயம் புரிந்தது. அவ்வளவு அகலமான சீனா முழுவதற்கும் ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். உரும்சியில் சூரியன் அதைக் கேட்டுக்கொண்டா உதிக்கிறது? குளிர்காலத்தில் ஒன்பதரைக்குக்கூடச் சூரியன் வராதாம். அதனால் உய்குர்கள் இரண்டு மணி நேரம் பின்னால் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. ‘மூணு மணிக்கு வா’ என்றால் யாருடைய மூணு மணி என்று கேட்க வேண்டும். கேட்கும்போதே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும்.

பெய்ஜிங் இங்கிருந்து ஐந்து மணி நேரம் முன்னால், அதில் இரண்டு போனால் மூன்று. அச்சாவின் சுவரில் ஓடுவது அம்மாவின் சமையலறை நேரம்.

மார்ச் 1

2014-இல் இதே நாள், தென்மேற்குச் சீனாவில் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியோடு புகுந்து 31 பேரைக் கொன்றார்கள். டிக்கெட்டுக்கு நின்றிருந்த சாதாரண ஜனங்கள். அச்சா அன்றும் அழுதாராம். செய்தவர்கள் உய்குர்கள் என்றதும் இனி எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியதாம். 2009 ஜூலை 5 உரும்சிக் கலவரத்தில் 197 பேர் செத்ததாக அரசுக் கணக்கு, அதில் பெரும்பாலோர் ஹான்கள், சீனாவின் பெரும்பான்மை இனத்தார். அந்த வாரம் ஹான் கூட்டம் தடியோடு தெருவில் இறங்கியபோது இவரைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர் மாடிவீட்டு ஹான் அம்மா. நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தாராம். அவர் பெயரை அச்சா இன்றுவரை தொழுகையில் சொல்கிறார்.

மார்ச் 6

எடுத்துவிட்டோம். நான்தான் ஃபோனைப் பிடித்தேன். தம்பியின் படத்தை மார்போடு வைத்துக்கொண்டார், கை நடுங்கியதால் முகம் பாதி மங்கல். மறுபடி எடுக்கலாமா என்றேன். ‘வேண்டாம் சிங்லிம், இரண்டாம் தடவை பேச வராது.’ சிங்லிம் என்றால் தங்கச்சி.

இன்னும் போடவில்லை.

மார்ச் 7

போடவில்லை.

மார்ச் 9

போட்டுவிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு, தனியாக.

மார்ச் 18

ஷின்ஜியாங் பற்றிச் சீன அரசு வெள்ளை அறிக்கை. 2014 முதல் பிடித்த பயங்கரவாதிகள் 12,995 பேராம். அச்சா அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்க்கிறார். கடைசி 5-இல் இருக்கிறானா, நடுவில் இருக்கிறானா என்று. உய்குர்கள் பலர் தங்கள் மண்ணுக்குச் சொல்லும் பெயர் கிழக்குத் துர்கிஸ்தான். அப்படி ஒரு நாடு இருந்ததே இல்லை என்றும் அறிக்கையில் இருக்கிறது. 1944-இல் அதே பெயரில் குல்ஜா ஊரில் அறிவித்த குடியரசில் அச்சாவின் தாத்தா பள்ளி வாத்தியார், 1949 வரை.

பக்கத்துக்குப் பக்கம் பிரிவினை, பிரிவினை. உய்குரான இல்ஹாம் தோஹ்தி பெய்ஜிங்கில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். ஹான்களோடு சேர்ந்து வாழ வழி தேடி, பேசுவோம் என்று எழுதியவர். அவருக்கும் அதே குற்றச்சாட்டு, 2014-இல் ஆயுள் தண்டனை. பெற்ற மகளைத் தன் கையாலேயே நீக்க வைத்தவர்களுக்கு எப்படி இந்தச் சொல் வாயில் வருகிறது? கோபத்தில் எழுதுகிறேன். இருக்கட்டும்.

மார்ச் 21

நவ்ரூஸ், வசந்தப் புத்தாண்டு. அச்சா கஞ்சி கொடுத்தனுப்பினார். கீழே போகவில்லை, காய்ச்சல்.

மார்ச் 22

அம்மாவின் வீசாட் படம் மாறியிருக்கிறது. இரண்டு வருடமாகத் தேநீர்க் கிண்ணம், இப்போது ரோஜாச் செடி. அம்மாவே மாற்றினாரா, வேறு யாராவது அந்த ஃபோனை வைத்திருக்கிறார்களா? அச்சா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். செடிக்குப் பின்னால் ஜன்னல் திரை கொஞ்சம் தெரிகிறது. நீலப் பூ. அந்தத் திரையைத் தைத்தது நான் என்கிறார். புள்ளி புள்ளியாக உடைந்துபோன படம், எனக்கு வெறும் நீலமாகத்தான் தெரிகிறது. ஆமாம் அச்சா, பூதான் என்றேன்.