டிஜிட்டலுக்கு வந்ததும் காணாமல் போன என் 28

போன ஞாயிறு தஞ்சாவூர் பெரிய கோயிலில், தெற்குத் திருச்சுற்று மாளிகையின் தூணில் முதுகு இடிக்கும் வரை பின்னால் நகர்ந்தும், விமானத்தின் கலசம் வ்யூஃபைண்டருக்குள் வரவில்லை. டிஜிட்டல் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன், தரையில் உட்கார்ந்தேன், பிறகு படுத்தே விட்டேன். கலசத்தைப் பிடித்தால் அதிட்டானம் (அடித்தளம்) போகிறது, அதிட்டானத்தைப் பிடித்தால் கலசம் போகிறது. இதே 28 மி.மீ. லென்ஸை என் ஃபிலிம் கேமராவான நிக்கான் எஃப்எம்10-இல் மாட்டி, இதில் பாதித் தூரத்தில் நின்று முழு விமானத்தையும் எடுத்த நெகட்டிவ் வீட்டில் இருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். "பழைய லென்ஸ் போதும், கேமரா பாடி மட்டும் வாங்கினால் டிஜிட்டலுக்கு மாறிவிடலாம்" என்று நண்பர்களிடம் நாலு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஆகிவிட்டது. கையில் இருந்தவை மூன்று: 28 எஃப்2.8 சீரீஸ் ஈ, 50 எஃப்1.8, 135 எஃப்3.5. மூன்றும் நிக்கானின் ஏஐ வகை, அதாவது அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) அளவை பாடிக்கு இயந்திர முறையில் சொல்லும் மேனுவல் லென்ஸ்கள். அதனால் பாடி தேர்வில் பெரிய குழப்பம் இல்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் இந்த லென்ஸ்கள் மாட்டும், ஆனால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. டி7000-இல் வேலை செய்யும். மெனுவில் நான்-சிபியு (சிப் இல்லாத) லென்ஸ் டேட்டா என்ற இடத்தில் ஃபோகல் லெங்த்தையும் பெரிய அபெர்ச்சரையும் போட்டுவிட்டால் போதும், ஒன்பது லென்ஸ் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய டி7000 பாடி ஒன்று பதினைந்தாயிரத்துக்குக் கிடைத்தது. ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை.

வந்த அன்றே பக்கத்துத் தெருப் பெரியவர் அன்போடு ஒரு பழைய 105 மி.மீ. லென்ஸைக் கொடுத்து "மாட்டிப் பாருங்க தம்பி" என்றார். நல்லவேளை, முதலில் திருப்பிப் பார்த்தேன். 1977-க்கு முந்தைய, ஏஐ ஆக்கப்படாத லென்ஸ். அதை டி7000-இல் திருகினால் மவுண்ட் ஓரத்தில் அபெர்ச்சர் அளவைப் படிக்கும் சின்ன நாக்கு உடைந்துவிடலாம். அவருக்கு இதை விளக்குவதற்குள் இரண்டு காபி ஆனது.

சரி, ஃபோகஸ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் என் உயிரை வாங்கியது இதுதான்.

எஃப்எம்10-இன் வ்யூஃபைண்டர் நடுவில் பிளவு வட்டம் இருக்கும். முகத்தின் இரண்டு பாதியும் ஒட்டினால் முடிந்தது. டி7000-இன் வ்யூஃபைண்டர் திரையில் அது கிடையாது. ஆட்டோஃபோகஸுக்காகச் செய்த பளிச்சென்ற திரை அது. எஃப்1.8-இல் வைத்தாலும் எஃப்2.8-இல் கிடைக்கும் அதிக ஆழத்தையே (கூர்மையாகத் தெரியும் முன்-பின் தூரத்தையே) காட்டுகிறது. கண்ணுக்கு எல்லாம் கூர்மையாகத் தெரியும், படத்தில் காது மட்டும் கூர்மையாக இருக்கும். முதல் வாரம் முழுக்க லென்ஸைத் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, பையில் உரசி ஐபீஸ் பக்கத்தில், கண் பவருக்கு ஏற்ப வைக்கும் டயாப்டர் குமிழ் திரும்பியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் நாற்பது படத்தில் பதினொன்றுதான் தேறியது.

மிச்சம் இருக்கும் துணை, வ்யூஃபைண்டரின் கீழே இடது ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளி. ஃபோகஸ் சரியானால் எரியும் என்பார்கள். எரிகிறது, ஆனால் ரொம்பத் தாராளமாக எரிகிறது. அதன் தாராளத்தை அளந்துவிடுவது என்று ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தேன். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் என் பையனின் 30 செ.மீ. ஸ்கேலை 45 டிகிரியில் சாய்த்து, ஒரு மீட்டர் தள்ளி 50-ஐ எஃப்1.8-இல் வைத்து, 15 என்ற எண்ணை நோக்கி எடுத்தேன். அந்தத் தூரத்தில் கணக்குப்படி கிடைக்கும் ஆழம் மூன்று செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, சாய்ந்த ஸ்கேலில் ஏறக்குறைய நாலு. ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (வெகுதூரம்) பக்கமிருந்து திருப்பிக்கொண்டு வந்து புள்ளி முதலில் எரிந்த இடத்தில் நிறுத்தினால், கூர்மையின் நடு 17-இல் விழுகிறது. கிட்டப் பக்கமிருந்து வந்தால் பன்னிரண்டரையில். இரண்டிலும் 15 கூர்மையின் ஓரத்துக்கே போய்விட்டது.

அதனால் இப்போது செய்வது: எரியும் இடத்தைத் தாண்டி அணையும் வரை போய், பாதி திரும்பி வருவது. வளையத்தில் இது இரண்டு மூன்று மில்லிமீட்டர் திருப்பம்தான். விரலுக்கு அது பழக, வளையத்தின் மேல் மெல்லிய துணி டேப் ஒட்டி, தினமும் காலையில் தினசரியின் தலைப்பெழுத்தை வைத்துப் பயிற்சி செய்தேன். இப்போது நாற்பதுக்கு இருபத்தொன்பது. பையன் ஓடினால் இது எதுவும் எடுபடாது, அவன் நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையில்) பெரிதாக்கிப் பார்த்தால் துல்லியம் அபாரம், ஆனால் ஸ்டாண்ட் வேண்டும். பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டுக்குத் தனி அனுமதி கேட்பார்கள்.

135-க்கு ஃபோகஸ் கஷ்டம் குறைவு. டி7000-இன் டிஎக்ஸ் சென்சார் ஃபிலிம் ஃபிரேமை விடச் சிறியது, படத்தின் நடுப்பகுதியை மட்டுமே பிடிக்கும்; அதனால் அதில் 135, 200 போல நடந்துகொள்கிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த டெலி (தூரத்தைக் கிட்டே காட்டும் லென்ஸ்). 50-உம் 75 மாதிரி ஆகி முகங்களுக்கு நன்றாகவே இருக்கிறது. அடி வாங்கியது 28 மட்டும். அது 42 ஆகிவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். ஃபிலிமில் 28-ஐச் செங்குத்தாகப் பிடித்தால் கோணம் 65 டிகிரி. சுமார் 66 மீட்டர் விமானத்தை அடிமுதல் நுனிவரை அடக்க, அதன் நடுவிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால் போதும். டி7000-இல் அதே 28 தருவது 46 டிகிரிக்கும் குறைவு. 60 மீட்டருக்கு மேல் போக வேண்டும். தெற்கே அதற்குள் மாளிகை வந்துவிடுகிறது, கிழக்கே போனால் முன்மண்டபம் மறைக்கிறது. பழைய பார்வை வேண்டுமென்றால் 18 மி.மீ. வேண்டும். அந்தக் காலத்து 18 மி.மீ. மேனுவல் லென்ஸ் விலையைக் கேட்டால் இன்னொரு டி7000 வாங்கிவிடலாம்.

ஆக, நான் இத்தனை நாள் பிளாஸ்டிக் டப்பா என்று கேலி செய்த, கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 கிட் லென்ஸைத்தான் வாங்கினேன். பழையது, இரண்டாயிரத்து ஐந்நூறு. தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்க வேண்டும். ஏஎஃப்-பி என்று இருந்தால் டி7000-இல் ஆட்டோஃபோகஸும் வராது, வளையத்தைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. விற்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு எழுத்து வித்தியாசம் தெரியவில்லை. முதலில் பேசிய ஆள் ஃபங்கஸே (பூஞ்சை) இல்லை என்று சத்தியம் செய்தார். அபெர்ச்சர் நெம்பை விரலால் தள்ளித் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்தால், உள்ளே சிலந்தி குடும்பமே நடத்துகிறது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

வாங்கியதை மொட்டை மாடியில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சோதித்தேன். 18-இல் ஓரங்கள் பீப்பாய் மாதிரி உப்புகின்றன, எஃப்8-இல் மூலைகள் நம் 28 சீரீஸ் ஈயை விடச் சுத்தம். சொல்லவே மனசு வரவில்லை. இதற்கிடையே பிளவு வட்டம் உள்ள திரை ஒன்றை வரவழைத்து டி7000-இல் மாற்றிப் பார்க்கும் ஆசையும் வந்திருக்கிறது. 135-க்கு இன்னும் ஸ்கேல் சோதனையே முடியவில்லை, அஞ்சறைப்பெட்டியை அம்மா திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் மறுபடி தஞ்சாவூர். எஃப்எம்10-க்குள் பதினாலு ஃபிரேம் மிச்சமிருக்கும் ரோல் ஒன்று கிடக்கிறது. 28 அதில் மாட்டிக்கொண்டு வரும்.