நின்றதா, நிற்கப்போகிறதா?

ஜூன் 3, 2024

“நாலு மாசமா வரலை, நின்னு போச்சு” என்று சொல்கிறவருக்கு இன்னும் நிற்கவில்லை. கடைசியாகப் பட்ட நாளிலிருந்து முழுதாக 12 மாதம் ஒரு சொட்டும் படாமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. பதினோராம் மாதத்தில் பட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. ஐரோப்பா, அமெரிக்காவில் 51 வாக்கில்.

குறித்து வைக்கத் தினசரி காலண்டர் உதவாது. கிழித்த தாளோடு குறியும் குப்பைக்குப் போய்விடும். மாத காலண்டர் வேண்டும்: பட்ட நாளுக்கு ஒரு புள்ளி, அதிகம் போன நாளுக்கு இரண்டு, ஓரத்தில் நாப்கின் எண்ணிக்கை.

45 வயதைத் தாண்டி, அறிகுறியும் பொருந்தி வந்தால் எஃப்.எஸ்.ஹெச். (சினைமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை வீண் செலவு. இந்தக் காலத்தில் அந்த அளவு நிலையாக நிற்காது, ஏறி இறங்கும். 40க்கு முன்பே நின்றவருக்கு மட்டும் அது அவசியம், அதுவும் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை. எப்படியானாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இந்த வயசில் என்ன கர்ப்பம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 6

50 வயதுக்கு முன் நின்றவர், கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம் கருத்தடையைத் தொடர வேண்டும். 50க்குப் பின் நின்றவருக்கு ஒரு வருடம் போதும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அந்த ஆபரேஷனால்தான் சீக்கிரம் நின்றது என்று அதன்மேல் பழி போடுவதும் சரியில்லை. கட்டியது குழாயை, சினைப்பையை அல்ல. காப்பர் டி போட்டிருப்பவர், மேலே சொன்ன ஒரு வருட, இரண்டு வருடக் கணக்கு முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மறந்துபோய்ப் பல வருடம் கழித்து வந்தால் கருப்பை வாய் சுருங்கியிருக்கும், எடுப்பது சிரமம்.

ஜூன் 11

“நிக்கிற நேரத்துல அப்படித்தான் கொட்டும்.” இந்த ஒரு பேச்சை நம்பி ரத்தமில்லாமல் வெளுத்துப்போய் வருகிறார்கள். இடைவெளி நீளுவது இயல்பு. கொட்டுவது இயல்பல்ல.

சினைமுட்டை வெளிவராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். அதை அடக்கி, ஒழுங்காக உதிர வைக்கிற புரோஜெஸ்ட்ரோன் முட்டை வந்தபிறகுதான் சுரக்கும். அது இல்லாமல் தடித்த சவ்வு தாறுமாறாக உதிர்கிறது. நார்க்கட்டி, பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி, தைராய்டு குறைவு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். உள்சவ்வுப் புற்றும் செய்யும், அதனால்தான் ஆராயாமல் விடக்கூடாது.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி. ஏழு நாளுக்கு மேல் போவது, கட்டி கட்டியாக விழுவது, நடுவில் படுவது, உறவுக்குப் பின் படுவது என்றால் அந்த வாரத்துக்குள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே ரத்தசோகை, 8க்குக் கீழே கடுமையான ரத்தசோகை. மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பு பழகிக்கொள்ளும். 7 வைத்துக்கொண்டு மூன்று குடம் தண்ணீர் தூக்குவார்கள்.

ஸ்கேனோடு நிறுத்தாமல், 45 வயதுக்கு மேல் உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். புற்று இல்லை என்றால் முதல் வழி மாத்திரை: டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், நாளுக்கு மூன்று வேளை, ரத்தம் போகும் நாட்களில் மட்டும், நாலைந்து நாள். முன்பு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவருக்கு இது ஆகாது. அடுத்தது கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். கருப்பையை எடுப்பது கடைசி வழி. “எதுக்கு இருக்கணும்” என்று சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், பல வருடத்தில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே ராத்திரியில் வந்து இறங்கும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி: “சினைப்பையை வைப்பீங்களா, எடுப்பீங்களா? ஏன்?”

ஜூன் 14

“உடம்பெல்லாம் சூடு” என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தொல்லைகள். ஒன்று, மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறி, சில நிமிடத்தில் வியர்த்துக் குளிர்வது. இரண்டு, சிறுநீர் போகும்போது எரிவது. மூன்று, பிறப்புறுப்பில் எப்போதும் காந்துவது. மூன்றுக்கும் வீட்டில் தருவது ஊறவைத்த வெந்தயமும் இளநீரும்தான். இரண்டாவதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. தள்ளிப்போட்டால் கிருமி சிறுநீரகம் வரை போகும். “எங்கே சூடு, எத்தனை நிமிஷம்?” என்று கேட்டாலே பிரிந்துவிடும்.

ராத்திரி வியர்வையோடு எடை குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனை. வயசைக் காரணம் காட்டிக் காசநோயை விட்டுவிடக் கூடாது.

ஜூன் 20

அனல் சில வருடத்தில் தணியும். பிறப்புறுப்பின் வறட்சி தணியாது, கூடிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனிச் சுவர் மெலிகிறது. அங்கே குடியிருக்கும் நல்ல கிருமிகள் குறைந்து அமிலத்தன்மை போகிறது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான். உறவு வலிக்கும், வலி வருமென்ற பயத்தில் தசை இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும்.

உறவின்போது நீர் அடிப்படையிலான ஜெல். தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பது ஆணுறை பயன்படுத்துகிறவர்களுக்கு: எண்ணெய் பட்டால் ரப்பர் பலவீனமாகிக் கிழியும். சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே போகவே கூடாது. ஜெல் போதாதென்றால் மருத்துவர் எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம்: வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை. முழுப் பலன் தெரிய எட்டு முதல் 12 வாரம் ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு “கேக்கலை” என்று நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர், அந்த மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஜூன் 24

இன்று கணவர்கள் பக்கம். “அவளுக்கு நின்னு போச்சு, இனி என்ன” என்று விலகுவதற்குப் பின்னால் சொல்லாத விறைப்புக் குறைவு இருக்கலாம். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடக் குறுகலானது; அடைப்பு அங்கே முதலில் தெரியும். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் நேராக விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை வாங்குவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதையும் போட்டால் ரத்த அழுத்தம் அடியோடு விழுந்து உயிரே போகலாம்.

ஜூலை 1

கால்சியம்: நின்ற பிறகு நாளுக்கு 1,200 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. போல இருக்கிறது, பால், மோர், மீதி மாத்திரை. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் உடம்பு சரியாக ஏற்காது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் இரண்டையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, தைராய்டு அளவு ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

ஜூலை 5

12 மாதம் நிறைந்தபின் ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிடாய் அல்ல. வலி இல்லை, ஒரு நாள்தான், லேசான பழுப்பு நிறம்தான் என்ற சமாதானம் எதுவும் செல்லாது. பெரும்பாலும் மெலிந்த சவ்வோ பாலிப்போதான் காரணமாக இருக்கும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்று. ஸ்கேனில் உள்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். சவ்வு மெலிசாகவே இருந்தாலும், மறுபடி பட்டால் எடுக்க வேண்டும்.

கருப்பை வாயையும் அன்றே பார்ப்பார்கள். அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறை இந்த வயதில் ஏமாற்றும், பார்க்க வேண்டிய பகுதி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனை மேல்.

போகும்போது காலண்டரை எடுத்துப்போக வேண்டும். கூடவே எல்லா மாத்திரை அட்டைகளையும். முக்கியமாக ரத்தம் இளக்கும் மாத்திரையையும் மார்பகப் புற்றுக்குத் தரும் டமாக்சிஃபெனையும்.