ரப்பர் பாலில் கழுத்துப் படலங்கள்: வெளியுறை பிரிந்துவிட்டது

காகிதக்கூழும் ரப்பர் பாலும் கொண்டு நான் செய்துவரும் கழுத்தின் உடற்கூற்று மாதிரியில் என்னை மழைக்காலம் முழுக்க இழுத்தடித்த வேலை ஒருவழியாக முடிந்தது. கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய திசு உறையான வெளியுறைப் படலம், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசையின் ஓரத்தில் இரண்டாகப் பிரிகிறது. தசையைப் பொதிந்து மறு ஓரத்தில் ஒன்றாகிறது. பிடரியில் டிரப்பீசியஸ் தசைக்கு மறுபடி பிரிகிறது. காகிதக்கூழ்த் தசையை இழுத்தால் உறையிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறது. துணியிலோ பிளாஸ்டிக் தாளிலோ இந்த நேர்த்தி கிடைக்கவே கிடைக்காது.

சூட்சுமம் முகப்பவுடரில் இருக்கிறது. காய்ந்த ரப்பர் பால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிய்த்தால் கிழியும். அதனால் முதல் பூச்சு காய்ந்ததும் தசை படுக்கும் இடத்தில் மட்டும் பவுடர் தடவி, தசையை வைத்து, அதன் மேலும் தடவி, அடுத்த பூச்சு கொடுத்தேன். ஓரங்களை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். அங்கே இரு பூச்சும் ஒரே தோலாகிவிடுகின்றன. தொண்டைக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு படலங்களுக்கும் இதே வேலைதான்: முன்னால் ஆலார் படலம், பவுடர், பின்னால் முதுகெலும்பின் முன்படலம். அந்தப் பவுடர் இருக்கும் இடம்தான் உதரவிதானம் வரை சீழ் இறங்கக்கூடிய 'அபாய இடைவெளி'. படத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது இப்போது விரலுக்கு வழிவிடுகிறது.

பால் குலசேகரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது. வெட்டியவுடனே அம்மோனியா சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீடு வந்து சேர்வதற்குள் உறைந்துவிடும். நரம்புக்குச் செப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். செம்பு பட்ட ரப்பர் நாளடைவில் கெட்டுப்போகும். நான் மஞ்சள் நூல் வைத்திருக்கிறேன்.

கருவின் கழுத்துப் பக்கம் தோன்றும் தொண்டை வளைவுகளிலிருந்து வந்த தசைகளுக்கு, எந்த வளைவு என்பதைப் பொறுத்து நிறம் பிரித்தாயிற்று. முதல் வளைவு சிவப்பு, இரண்டாவது மஞ்சள், நான்கும் ஆறும் நீலம். மூன்றாவதற்குப் பச்சை, அதில் தொண்டையைத் தூக்கும் ஸ்டைலோஃபாரிஞ்சியஸ் தசை ஒன்றே ஒன்று. எனக்கு மிகப் பிடித்தது தாடைக்கு அடியில் நடுவே தசைநாணால் இணைந்த இரண்டு சதைப்பகுதிகள் (வயிறுகள்) கொண்ட டைகாஸ்ட்ரிக் தசை: முன்வயிறு சிவப்பு, பின்வயிறு மஞ்சள். முன்னதற்குக் கீழ்த்தாடை நரம்பின் கிளை, பின்னதற்கு முக நரம்பு. ஒரே தசையில் இரண்டு வளைவுகளின் வம்சம். நடுத் தசைநாணை நாவடி எலும்போடு கட்டும் படல வளையத்தையும் ரப்பர் பாலிலேயே வார்த்தேன். நாவடி எலும்பு சிரட்டையில் செதுக்கியது; அந்த வளைவு சிரட்டைக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு எந்த வளைவைச் சேர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் அதைச் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறேன்.

மூச்சுக்குழல் முன்படலம் இன்னும் பாக்கி. அதற்குள் மனம் கழுத்தின் பெரிய தமனியையும் சிரையையும் சுற்றியிருக்கும் கரோடிட் உறைக்குத் தாவிவிட்டது: தமனிப் பக்கம் தடிப்பு, சிரை விரிய இடம்விட்டு அந்தப் பக்கம் மெல்லிசு, இரண்டுக்கும் நடுவே பின்னால் வேகஸ் நரம்பு. சிரைக்கு சைக்கிள் டியூப் பொருந்துமா என்று நாளை மார்த்தாண்டத்தில் பார்க்கப் போகிறேன்.