ஒற்றைக் கேபிளில் இருந்த கோளாறு

பதினொரு நாளாக என் கம்ப்யூட்டர் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. மூன்று வாரம் ஆட்டிவைத்த கோளாறு கடைசியில் பிடிபட்டது. விவரம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் ஆட்டம் (கேம்) ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். நீலத்திரை கிடையாது, படம் உறைந்து நிற்பதும் கிடையாது, யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல இருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் டிரைவரைத் துருவ ஆரம்பிப்பது வீண் வேலை. விண்டோஸ் முறையாக மூடப்படவில்லை என்று அடுத்த முறை எழும்போது அதுவே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. காரணம் அதில் இருக்காது. உள்ளே பக்செக் கோட், அதாவது விண்டோஸ் விழுந்தால் பதிவாகும் பிழை எண், 0 என்று இருந்ததுதான் எனக்கு உதவியது. விண்டோஸ் விழவில்லை, அதற்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றிருக்கிறது.

சி.பி.யு-வின் வெப்பப் பேஸ்ட் மாற்றம், தூசி துடைப்பு, இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற மெமரி சோதனை, மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்.எம்.பி ஆஃப் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்தன. சி.பி.யு 78 டிகிரியைத் தாண்டவில்லை, கிராஃபிக்ஸ் கார்டு 71.

அப்புறம் கார்டுக்குச் சுமை ஏற்றிச் சோதிக்கும் ஃபர்மார்க்கை ஒரு மணி நேரம் ஓட்டினேன். கல் மாதிரி நின்றது. சரி, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டாவது வாரம் முழுக்க அந்த முடிவால்தான் போனது. ஃபர்மார்க் கார்டின் மேல் ஏற்றுவது ஒரே சீரான சுமை. கார்டு தன் 320 வாட் எல்லைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆட்டம் அப்படியில்லை. மெனுவிலிருந்து காட்சிக்குப் போகும்போது, லோடிங் முடியும்போது, சுமை சட்டென்று விழுந்து எகிறும். அந்த எகிறலில் கார்டு சில மில்லி விநாடிகளுக்குத் தன் சராசரியைப் போல இரண்டு மடங்குவரை இழுக்கலாம். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் நான் விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்துகொண்டிருந்தேன். அந்த வலையில் இந்த மீன் சிக்கவே சிக்காது. பதிவின் கடைசி வரியில் எப்போதும் 12.1 வோல்ட், எல்லாம் நலம்.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. அணைந்த பிறகு முன்பக்கப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்புறச் சுவிட்சை அணைத்து, சில விநாடி விட்டுப் போட்டால்தான் உயிர் வரும். பாதுகாப்புச் சுற்று தட்டிப் பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது. இதை முதல் நாளே கவனித்திருந்தும் பொருட்படுத்தாமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேபினெட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ் லேபிளைப் படித்தேன். 12 வோல்ட் ஒரே ரெயில் (மின் வழி) அல்ல, பல ரெயிலாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 30 ஆம்பியர் என்று போட்டிருந்தது. என் கார்டின் இரண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரண்டு தலைகள்தான் போயிருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மதர்போர்டு ஸ்லாட் 60 வாட் கொடுத்தாலும் மீதி 260 வாட் அந்த ஒற்றைக் கேபிளில், அதாவது கிட்டத்தட்ட 22 ஆம்பியர். அது இரண்டு மடங்கானால் 43. மொத்த வாட்டேஜ் தாராளமாக இருந்தும் அந்த ஒரு ரெயில் தாங்கவில்லை.

கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் இரண்டாவது பி.சி.ஐ.இ கேபிளை எங்கேயோ தொலைத்திருந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: வேறு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைச் செருகவே கூடாது. கார்டுப் பக்கம் எல்லாம் ஒன்றுதான், எஸ்.எம்.பி.எஸ் பக்கப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். அதனால் கேபிள் செய்து தருபவர்களிடம் ஆர்டர் கொடுத்தேன். எஸ்.எம்.பி.எஸ்ஸின் மாடல் பெயரைக்கூட முழுசாகக் கேட்காமல் அனுப்பத் தயாராக இருந்தவர்களை விட்டுவிட்டேன். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னவரிடம் வாங்கினேன். வந்ததும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகப் பழைய கேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகினேன்.

இப்போது ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனிக் கேபிள், வெவ்வேறு ரெயிலிலிருந்து. ஓ.சி.சி.டி என்ற சோதனை மென்பொருளில் சுமையை ஏற்றி இறக்கும் 3டி சோதனையை ஓட்டினேன். முன்பு நான்கு நிமிடம்கூடத் தாங்காதது, இரண்டு மணி நேரம் ஓடியது.

கேபிள்களை இன்னும் ஒழுங்காகக் கட்டவில்லை, பக்கக் கதவும் மூடவில்லை. அதற்குள் கை அண்டர்வோல்ட் பக்கம், அதாவது கார்டைக் குறைந்த வோல்ட்டில் ஓட்டிப் பார்க்கும் பக்கம், போய்விட்டது. 0.85 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன், இழுப்பு 320-லிருந்து 260 வாட் அளவுக்கு இறங்கியது. நேற்று நாற்பதாவது நிமிடத்தில் ஆட்டம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை, 0.85 வோல்ட் போதவில்லை போல. இன்று இரவு 0.875 வைத்துப் பார்க்கப்போகிறேன்.