கட்டில் பக்கத்து மேசையில் வை

செப்டம்பர் 18

இந்த மாதம் பிராக் நகரத்தில் வாழ்ந்து ஜெர்மனில் எழுதிய காஃப்கா மட்டும். முதலில் அவருடைய 'தீர்ப்பு' சிறுகதை. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், விடிகாலை ஆறு மணிக்குக் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். கால் மரத்துப்போய் மேசைக்கு அடியிலிருந்து இழுக்கவே பெரும்பாடாகிவிட்டது என்று அவரே டைரியில் எழுதியிருக்கிறார்.

கதை சின்னது. ஜார்ஜ், அப்பாவின் வியாபாரத்தை எடுத்து நன்றாகவே நடத்துகிறான். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ரஷ்யாவில் இருக்கும் சிநேகிதனுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதியவன், அதை அனுப்பப்போவதாகச் சொல்ல அப்பாவின் இருட்டறைக்குப் போகிறான். அவ்வளவுதான் விஷயம். எதற்குச் சொல்லப் போனான்? வியாபாரத்தையே நடத்துகிற ஆள், தன் பெயரில் தான் எழுதிய கடிதத்துக்கு அப்பாவிடம் ஒரு 'சரி' வாங்கப் போகிறான். இந்த ஓர் இடத்துக்காகவே கதையை இன்னொரு தடவை படிக்கலாம்.

செப்டம்பர் 19

படித்தேன். ஜார்ஜ் அப்பாவைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விடுகிறான். போகிற வழியில் கிழவர் இவனுடைய கடிகாரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். "நல்லா போர்த்தியிருக்கா?" என்று இரண்டு தடவை கேட்கிறார். போர்த்தியிருக்கிறது என்று மகன் சொன்னதுதான் தாமதம், போர்வையை உதறிவிட்டுக் கட்டில் மேல் எழுந்து நிற்கிறார். ஒரு கை கூரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அப்புறம் தீர்ப்பு: தண்ணீரில் மூழ்கிச் சா. மகன் ஓடுகிறான். பாலத்தின் கைப்பிடியைத் தாண்டிக் குதிக்கிற இடத்தில் காஃப்கா ஒரு வரி வைத்திருக்கிறார். சிறுவயதில் அப்பா அம்மா பெருமைப்பட்ட அருமையான ஜிம்னாஸ்டிக் வீரனாகத் தாண்டினானாம். சாகப் போகிற நேரத்திலும் வீட்டார் மெச்சிய வித்தையைத்தான் செய்துகாட்டுகிறான். இதற்கு முன் எத்தனையோ முறை இந்த வரியைக் கவனிக்காமல் தாண்டியிருப்பேன்.

செப்டம்பர் 21

வேலை. படிக்கவில்லை.

செப்டம்பர் 22

1919 நவம்பரில், 36 வயதில், காஃப்கா தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம். கையெழுத்தில் நூறு பக்கத்துக்கு மேல். அம்மாவிடம் கொடுத்து அப்பாவிடம் சேர்க்கச் சொன்னதாகவும், அம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் சொல்கிறார். இதைப் பிராகில் நடந்த கதையென்று எப்படி நினைப்பது? அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் அம்மாதான் தபால்காரர் என்பது நம் தெருவில் பாதி வீட்டில் உண்டு. "அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அப்பா, அவன் பக்கத்திலேயே நிற்கும்போது.

கடிதத்தில் என்னை உலுக்கியது வேறொன்று. புதிய புத்தகம் வந்ததும் மகன் கொண்டுபோய்க் காட்டுகிறான். அப்பா பெரும்பாலும் சீட்டாடிக்கொண்டிருப்பார். "கட்டில் பக்கத்து மேசையில் வை." அவ்வளவுதான் விமர்சனம். வலித்தது, ஆனாலும் உள்ளுக்குள் 'இனி நீ சுதந்திரன்' என்று கேட்டது மாதிரி ஒரு சந்தோஷம் என்கிறார் காஃப்கா. அடுத்த மூச்சிலேயே அந்தச் சுதந்திரம் வெறும் மயக்கம் என்று ஒத்துக்கொள்கிறார்: என் எழுத்தெல்லாம் உங்களைப் பற்றித்தான், உங்கள் நெஞ்சில் சாய்ந்து புலம்ப முடியாததை அங்கே புலம்பினேன். 'கிராமத்து மருத்துவர்' தொகுப்பை அப்பாவுக்கே சமர்ப்பித்தவரும் இவர்தான்.

என் முதல் கதை அச்சில் வந்தபோது என் அப்பா, "இதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்றார். சீட்டாட்டத்தை விட இது எவ்வளவோ மேல். குறைந்தபட்சம் கேள்வியாவது கேட்டார்.

செப்டம்பர் 24

நண்பர் ஒருவர் போனில், "அந்த அப்பன் ராட்சசன்யா" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெர்மன் காஃப்கா கிராமத்துக் கசாப்புக்காரரின் மகன். சின்ன வயதிலேயே உழைத்து, பிராகில் அலங்காரப் பொருள் கடை போட்டு நிமிர்ந்தவர். கதைகளில் வருகிற அப்பா அவர் இல்லை. கூரையைத் தொடும் அளவுக்கு அவரை வளர்த்தது, கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற மகனின் கண். பாராட்டுக்கு ஏங்குகிறவன் நீதிபதியைக் குள்ளமாக வைத்திருக்க முடியுமா? குள்ளமான நீதிபதியின் தீர்ப்பு யாருக்கு வேண்டும்?

நம் சினிமாவில் இந்த ஏக்கம் கடைசி ரீலில் தீர்ந்துவிடும். அப்பா தோளில் கை போடுவார், பின்னணியில் வயலின். காஃப்கா அதைத் தரமாட்டார். அந்தக் கடிதத்தின் முடிவில் அப்பா சொல்லக்கூடிய பதிலையும் மகனே எழுதிவிடுகிறார். அதிலும் அப்பாதான் ஜெயிக்கிறார்: நீ என்னை உறிஞ்சி வாழ்கிற ஒட்டுண்ணி என்கிறார். தண்டனை வாசகத்தைக்கூட மகனே அப்பாவின் குரலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 27

மகன் 1924இல் போனார். அப்பா 1931 வரை இருந்தார். அம்மாவையும் சேர்த்து மூவருக்கும் பிராகில் ஒரே கல்லறை. மேசையில் வைத்த புத்தகங்களை ஹெர்மன் புரட்டிப் பார்த்தாரா என்பதற்கு அவர் வாயால் ஒரு வார்த்தை நம் கையில் இல்லை, கிடைத்ததெல்லாம் மகன் தரப்பு மட்டுமே. அதனால் அடுத்து அவருடைய 'உருமாற்றம்' கதையைப் படிக்கும்போது, மகன் மேல் ஆப்பிளை எறிகிற அப்பாவை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கப்போகிறேன். நண்பர் சண்டைக்கு வரட்டும்.