மெழுகு காய்ச்சும்போது தண்ணீர் வற்ற விடாதீங்க

வீட்டில் மெழுகுவர்த்தி செய்யும்போது மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. சின்ன தேக்சாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மூக்கு வைத்த ஸ்டீல் ஜக்கை வையுங்கள். மெழுகு அந்த ஜக்கில்தான் உருக வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகும் தாண்டாது. தண்ணீர் வற்றிவிட்டால் மெழுகின் சூடு ஏறிக்கொண்டே போகும். முதலில் புகையும், பிறகு தீப்பிடிக்கும். பக்கத்தில் கெட்டிலில் வெந்நீர் தயாராக இருக்கட்டும், குறையக் குறைய ஊற்றுங்கள். ஜக்குக்குள் மட்டும் ஒரு சொட்டுகூட விழக்கூடாது.

மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அடிக்குப் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை முகத்தில் வாரி அடிக்கும். கேஸை நிறுத்தி, இறுக்கமான மூடி போட்டு, முழுசாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். மூடி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அடுப்பைப் பற்றவே வைக்காதீர்கள். வாசனைக்காகக் கற்பூரம் போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். சூட்டில் கிளம்பும் கற்பூர ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கையில் மெழுகு கொட்டினால் பிய்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

ஒரு கிலோ பாரஃபினுக்கு (சாதாரண மெழுகுவர்த்தி மெழுகு) 100 கிராம் ஸ்டியரிக் ஆசிட் (மெழுகோடு சேர்க்கும் கொழுப்பு அமிலம்) போடுங்கள். வர்த்தி கெட்டிப்படும், வெள்ளையாக வரும், அச்சிலிருந்து சுலபமாகக் கழலும். பாரஃபினில் 58–60 டிகிரியில் உருகும் ரகம் கேட்டு வாங்குங்கள். கத்திரி வெயிலில் நம்ம வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், சீக்கிரம் இளகும் மெழுகு நிற்காது. சோயா மெழுகெல்லாம் கண்ணாடி டம்ளருக்குத்தான் சரி. நிறத்துக்கு மெழுகுக்கென்றே விற்கும் சாயம் வாங்குங்கள். கேசரிப் பவுடர் எண்ணெயில் கரையாது, திரியைத்தான் அடைக்கும்.

பருத்தித் திரியை முதலில் உருகிய மெழுகில் போடுங்கள். குமிழி வருவது நின்றால் உள்ளே இருந்த காற்று போய்விட்டது என்று அர்த்தம். எடுத்து, நேராக இழுத்துக் காயவையுங்கள்.

மெழுகு 75 டிகிரி வாக்கில் இருக்கும்போது, ஃபேனை நிறுத்திவிட்டு, திரி வைத்த அச்சில் ஊற்றுங்கள். மெழுகு ஆறும்போது சுருங்கும். மேலே ஆடை கட்டியதும் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். பார்க்க மேலே மட்டும் பள்ளம். உள்ளே குகை மாதிரி காலியாக இருக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே குச்சியால் திரியோரம் நாலு இடத்தில் குத்தி, கொஞ்சம் மெழுகை மறுபடி ஊற்றி நிரப்புங்கள். இந்த இரண்டாம் ஊற்றைச் சோம்பலில் விட்டால், எரியும்போது திரி சாய்ந்து அந்தக் குழிக்குள் மூழ்கி அணைந்துபோகும்.

ஏற்றுவதற்கு முன் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டுங்கள். நடுவில் மட்டும் கிணறு மாதிரி எரிந்து இறங்கினால் திரி மெல்லிசு. கரி கக்கினால் தடிமன் அதிகம்.

மிச்ச மெழுகை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துவிடும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கோடையிலேயே செய்து வைப்பதானால், தகரக் கூரைக்கடியில் நிறுத்தி வைக்காமல், கட்டிலுக்கடியில் காகிதத்தில் சுற்றிப் படுக்கப் போடுங்கள்.