பெல் கர்வ் மாசம்

மார்ச் 7, 2025, வெள்ளி

மகளிர் தினம் நாளைக்குத்தான். சனிக்கிழமை ஆபீஸ் இல்லை என்பதால் இன்றே கொண்டாடிவிட்டார்கள். எல்லோரும் ஊதாவில் வரவேண்டும் என்று மெயில். என்னிடம் ஊதாவில் ஒன்றும் இல்லை, நீலத்தில் போனேன், யாரும் கேட்கவில்லை. பெண்களுக்கு ஆளுக்கு ஒரு ரோஜா, ஒரு கப் கேக். பதினொரு மணிக்குக் கலந்துரையாடல், மேடையில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் ஆண்கள்.

இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. என் டீமில் இருக்கும் நாகர்கோவில்காரர் பிரசவ விடுப்பு முடிந்து நவம்பரில்தான் திரும்பி வந்தார். மூன்றாவது மாடியில் தாய்மார்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு நாற்காலி, ஒரு ஃப்ரிட்ஜ், உள்பக்கம் தாழ்ப்பாள். புதன்கிழமையிலிருந்து அந்த அறை முழுக்க பலூன் பாக்கெட்டும் ஸ்டாண்டியும் அட்டைப்பெட்டியும். மகளிர் தினச் சாமான்களை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லையாம்! மூன்று நாளாக அவர் பேஸ்மென்டுக்குப் போய், கார் பின்சீட்டில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, தாய்ப்பாலை பம்ப் செய்துவிட்டு வருகிறார். எனக்கு இது ஈரோட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும். அட்மினுக்குப் புகார் டிக்கெட் போட்டேன். திங்கட்கிழமை காலி செய்கிறோம் என்று எழுதி உடனே க்ளோஸ் செய்துவிட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். எங்கள் கிளையன்ட்டான நியூ ஜெர்சிக்காரர்களின் காலை 9 மணி போன் கால் இனி நவம்பர் வரை நமக்கு 7.30க்கு இல்லை, 6.30க்கு. சென்னை ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கிற நிலைமையில் துரைப்பாக்கத்தை விட்டு எப்போது கிளம்பினாலும் நெரிசல்தான், ஆனாலும் பெண் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. ஈரோட்டுப் பையன் ஜிம்மில் சேரப்போவதாகவே அறிவித்துவிட்டான்.

மத்தியானம் மேனேஜரிடமிருந்து இன்வைட். 7.30 முதல் 8.15 வரை இன்டர்னல் சிங்க், தினமும், முடிவுத் தேதி இல்லாமல். அந்த நேரம் எல்லோருடைய காலண்டரிலும் காலியாக இருந்ததாம். ஏழு பேரும் அக்செப்ட் செய்தோம். நான்தான் முதல் ஆள்.

மார்ச் 13, வியாழன்

ஊழியர் கருத்துக் கணிப்பு. பெயரோ ஐடியோ பதிவாகாது, மனம் விட்டு எழுதுங்கள் என்று காலையில் எச்ஆர் மெயில். சாயங்காலம் எனக்கு மட்டும் இன்னொரு மெயில்: நீங்கள் இன்னும் நிரப்பவில்லை.

எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலு போட்டு அனுப்பினேன்.

மார்ச் 19, புதன்

நார்மலைசேஷன் மீட்டிங். இந்த ஐடி தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டீம் லீட்கள் நாங்கள் அவரவர் டீமுக்கு வருஷ ரேட்டிங் போட்டு எடுத்துப் போவோம், மேனேஜர் அத்தனையையும் ஒரே எக்செலில் கொட்டுவார், கம்பெனி கொடுத்த சதவீதத்துக்குள் அது அடங்காது, அடங்கும் வரை ஆட்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருப்போம். இதுதான் பெல் கர்வ்: மணி மாதிரி ஒரு கோடு, அதன் கீழ் ஓரத்தில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் மேலே 20, நடுவில் 70, கீழே 10 என்று ஆட்களைப் பிரித்ததெல்லாம் பழைய கதை. மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி வரிசைப்படுத்துவதை 2013 நவம்பரிலேயே தூக்கிப் போட்டுவிட்டது. எங்கள் எக்செலுக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் டீமிலிருந்து ஒரு டி வேண்டும், அதாவது கீழ் ஓரத்து ரேட்டிங். டி வாங்கினால் வேரியபிள் பே, அதாவது ரேட்டிங்கைப் பார்த்துத் தரும் சம்பளப் பகுதி, கிடையாது. நான் யாருக்கும் டி போடவில்லை. மேனேஜர் கர்சரைக் கொண்டுபோய் நாகர்கோவில்காரர் பெயர் மேல் வைத்தார். "இவங்க பாதி வருஷம் இல்லையே. இவங்களுக்குப் போட்டா பெரிசா யாரும் கேட்க மாட்டாங்க."

26 வார விடுப்பு 2017லிருந்து சட்டத்திலேயே இருக்கிறது, வேலையில் இருந்த மாதங்களை வைத்துத்தானே பார்க்கணும் என்றேன். டிசம்பர் கடைசியில் பேட்ச் ஜாப் (ராத்திரியில் தானாக ஓடும் புரோகிராம்) விழுந்ததை ஞாபகப்படுத்தினேன். இரண்டு ஃபைலின் கவுன்ட் ஒத்துப்போகாமல் நாங்கள் எல்லோரும் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, விழுந்த வரிகள் எல்லாமே 12ஆம் தேதிக்கு அப்புறம் வந்தவை என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தவர் அவர். நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன, 12க்கு மேல் மாதம் கிடையாதே, அவ்வளவுதான். மியூட் போட மறந்ததில் குழந்தை அழுதது கிளையன்ட் வரைக்கும் கேட்டது. மறுநாள் பாராட்டு மெயில் மேனேஜர் பெயருக்கு வந்தது.

"அப்போ வேற பேரு சொல்லுங்க" என்றார்.

ஈரோட்டுப் பையனுக்கு ஜூனில் கல்யாணம். இன்னொருவருக்கு வீட்டுக் கடன். யாரையும் கைகாட்ட எனக்கு வாய் வரவில்லை, அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். சரி, சம்மதம்தான். அவர் மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை, மீட்டிங் முடிந்ததும் டீ கூட வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

மார்ச் 28, வெள்ளி

டவுன் ஹால், அதாவது கம்பெனி முழுக்கக் கூடும் மீட்டிங். கம்பெனியின் பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரையில் வந்தார். இங்கே சார், மேடம் கிடையாது, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றார். அந்த அறை பெங்களூரில் இருக்கிறது. ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் வாரம் 90 மணி நேரம் வேலை என்று பேசினாரே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று யாரோ சாட்டில் தைரியமாகக் கேட்டுவிட்டார்கள். நாங்கள் மணிக் கணக்கே பார்ப்பதில்லை என்றார். கைதட்டல். நான் அப்போது டைம்ஷீட்டில் டவுன் ஹாலுக்கான ஒரு மணி நேரத்தை எந்த வேலைக் குறியீட்டில் போடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரேட்டிங் சொல்லும் நாள். டி வாங்கியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எச்ஆர் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தது. 'நிர்வாகம் முடிவு செய்தது' என்று சொல்லக்கூடாது, 'நான் முடிவு செய்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணாடி அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். நாகர்கோவில்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க முதல்ல என்ன போட்டீங்க?" என்றார். இந்தக் கேள்வி அந்தப் பக்கத்தில் இல்லை.

"பி" என்றேன்.

நோட்டில் பி என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பேனாவை மூடினார். "அந்த ரூம் இப்போ காலியா இருக்கு. டிக்கெட் போட்டதுக்குத் தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

போர்ட்டலில் அவர் 'ஏற்கவில்லை' என்று அழுத்தியிருந்தார். அப்படி அழுத்தினால் லீட் 500 எழுத்துக்குள் விளக்கம் தரவேண்டும். எச்ஆர் கொடுத்த மாதிரி வாசகத்தை ஒட்டினேன், எடுத்தேன், மறுபடி ஒட்டினேன். கடைசியில் எழுதியது இதுதான்: நான் போட்டது பி. மார்ச் 19 மீட்டிங்கில் விடுப்பைக் காரணம் காட்டி டி ஆக்கப்பட்டது. நான் அங்கே கடைசி வரை மறுக்கவில்லை.

பத்து நிமிடத்தில் மேனேஜர் போன். "அந்த லைனை மட்டும் எடுத்துடுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." சப்மிட் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாதே என்றேன். மாலை 5 மணி வரை மாற்றலாம், அது அவருக்கும் தெரியும். போனை மேஜையிலேயே விட்டுவிட்டு கேன்டீனுக்குப் போய் ஒரு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டேன், மெதுவாக. திரும்பி வந்தபோது மணி 5.10, நாலு மிஸ்டு கால்.

6.30 காலில் மேனேஜர் என் பெயரையே எடுக்கவில்லை. டீம் அப்டேட்டை ஈரோட்டுப் பையனைச் சொல்லச் சொன்னார். பாவம், அவன் தயாராகவே இல்லை, முதல் வரியிலேயே திணறினான். அவன் திரையில் சாட் மினுக்கியது, எட்டிப் பார்த்தேன். நாகர்கோவில்காரர் ஒவ்வொரு டிக்கெட் நம்பராக அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.